‘புரியவில்லை’ என்பதை ஆங்கிலத்தில் எழுதுவது எப்படி? வேலைக்குப் புதிதாகச் சேர்வோருக்கு

ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் அறிக்கை எழுதும் பயிற்சியாளரும், தருமபுரியில் மருத்துவமனை வார்டில் குறிப்பேடு நிரப்பும் புதிய செவிலியரும், கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஏற்றுமதிக்கு மின்னஞ்சல் போடும் இளைஞரும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். வந்த தாளில் எழுத்து தெரியவில்லை, போனில் சொன்னது காதில் விழவில்லை, மேலதிகாரியின் குறிப்புக்கு அர்த்தம் பிடிபடவில்லை என்று சிக்கல் வெவ்வேறாக இருந்தாலும், மூன்றுக்கும் அவர்கள் எழுதுவது ‘நாட் அண்டர்ஸ்டாண்ட்’ என்ற ஒன்றைத்தான். இதில் உள்ள இலக்கணப் பிழையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நகலை மீண்டும் அனுப்புவதா, திரும்பக் கூப்பிடுவதா, விளக்கி எழுதுவதா என்று எதிர்த்தரப்பினர் முடிவெடுக்க முடியாமல் போவதுதான் உண்மையான நஷ்டம்.

ஆங்கிலத்தில் இதற்கென்று இருபது முப்பது சொற்கள் இருக்கின்றன. அவற்றை அகராதி வரிசையில் மனப்பாடம் செய்வதில் பயனில்லை, ஏனென்றால் அகராதியில் பலவற்றுக்கும் ‘புரியாத’, ‘தெளிவற்ற’ என்ற அதே விளக்கம்தான் இருக்கும். எழுத்து, ஒலி, சொற்களின் கோவை, பொருள், கேட்பவரின் பழக்கம் ஆகியவற்றில் கோளாறு எங்கே என்பதை முதலில் கண்டுபிடித்துவிட்டால், சொல் தானாகவே வந்து நிற்கும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் அமைந்துள்ளன.

முதல் படி: எழுத்தா, ஒலியா என்று பிரித்துக்கொள்ளுங்கள்

கையில் இருப்பது எழுத்து என்றால், எழுத்தின் உருவமே கண்ணுக்குப் பிடிபடவில்லையா என்று பாருங்கள். கையெழுத்து கிறுக்கலாக இருந்தாலும், ஜெராக்ஸ் மங்கிப்போயிருந்தாலும், முத்திரையின் மை பரவியிருந்தாலும் அதற்குரிய சொல் ‘இல்லெஜிபிள்’. ‘தி பேட்ச் நம்பர் ஆன் பேஜ் டூ இஸ் இல்லெஜிபிள்’ என்று எழுதிவிட்டால், அனுப்பியவர் அந்தப் பக்கத்தை மட்டும் தெளிவாக ஸ்கேன் செய்து அனுப்புவார். வேறு விளக்கம் எதுவும் தேவைப்படாது. கிறுக்கலான கையெழுத்தை ‘ஸ்க்ரால்’ என்றும் சொல்லலாம். ஆனால் அது எழுதியவரைக் குத்துவது போல் தொனிக்கும் என்பதால் அலுவலகக் கடிதத்தில் தவிர்ப்பது நல்லது.

மருந்துச் சீட்டு என்றதும் எல்லோருக்கும் இந்தச் சொல்தான் நினைவுக்கு வரும். இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-இல் தன் நடத்தை விதிகளைத் திருத்தியபோது, மருந்தை ஜெனரிக் பெயரால், படிக்கத்தக்க எழுத்தில், கூடியவரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று சேர்த்தது. அந்த விதியில் ‘படிக்கத்தக்க எழுத்தில்’ என்பதற்கு உள்ள ஆங்கிலச் சொல் ‘லெஜிபிளி’. அதன் எதிர்ச்சொல்தான் நாம் மேலே பார்த்தது. மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்பவர் சீட்டில் மருந்தின் பெயர் தெரியவில்லை என்றால் ஊகித்து எடுத்துக் கொடுக்காமல், ‘நேம் இல்லெஜிபிள்’ என்று குறித்து மருத்துவரிடம் கேட்டுக்கொள்வதே முறை.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது; இதில் விழுபவர்கள் ஏராளம். ‘இல்லெஜிபிள்’ வேறு, ‘இனெலிஜிபிள்’ வேறு. இரண்டாவது சொல்லுக்குத் ‘தகுதியற்றவர்’ என்று பொருள். ஆன்லைனில் விண்ணப்பித்தவருக்கு ‘சிக்னேச்சர் இல்லெஜிபிள்’ என்று பதில் வந்தால், இ-சேவை மையத்துக்குப் போய்க் கையெழுத்தைக் கறுப்பு மையில் போட்டு மறுபடி பதிவேற்றினால் போதும். ‘கேண்டிடேட் இனெலிஜிபிள்’ என்று வந்தால் வயது, கல்வி, இடஒதுக்கீடு போன்ற ஏதோ ஒரு நிபந்தனையில் அவர் நிற்கவில்லை என்று அர்த்தம். எத்தனை முறை கையெழுத்துப் போட்டாலும் மாறாது. வேகமாகப் படிக்கும்போது இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஐ என்ற எழுத்தை அடுத்து இரண்டு எல் இருந்தால் அது எழுத்தைப் பற்றியது, ஐ-யை அடுத்து என் இருந்தால் அது ஆளைப் பற்றியது என்று அடையாளம் வைத்துக்கொள்ளலாம். அலுவலகத்தில் இருந்து இந்தப் பதிலை அனுப்பும் இடத்தில் நீங்கள் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஒரு சொல் மாறியதால் தகுதியுள்ளவர் ஊருக்குத் திரும்பிப் போய்விடக்கூடும்.

‘அன்ரீடபிள்’ என்ற சொல்லும் இதே குடும்பம்தான் என்றாலும், அதற்கு இரண்டு வேலைகள் உண்டு. பார்கோடை ஸ்கேனர் ஏற்கவில்லை, பென்டிரைவில் உள்ள கோப்பு திறக்கவில்லை என்றால் ‘அன்ரீடபிள்’ என்பார்கள். ஒருவர் எழுதிய கட்டுரை, எழுத்தெல்லாம் தெளிவாக இருந்தும், இரண்டு பக்கத்துக்கு மேல் தாங்க முடியாத அளவுக்கு அலுப்பாகவோ கடினமாகவோ இருந்தால் அதற்கும் இதே சொல்தான். ஆகவே உங்கள் மேலாளரின் கையெழுத்தைப் பற்றிச் சொல்ல வந்து ‘யுவர் ரிப்போர்ட் இஸ் அன்ரீடபிள்’ என்று எழுதிவிடாதீர்கள்.

எழுத்து ஒவ்வொன்றும் பளிச்சென்று தெரிகிறது, ஆனால் சொல்லாகச் சேரவில்லை என்றால் ‘கார்பில்ட்’. நம் ஊரில் இதற்குக் கணினியே சிறந்த சாட்சி. பாமினி அல்லது வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்த ஒரு மனுவை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்துகட்டி வரிவரியாக நிற்கும். தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்ட பிறகும் பழைய கோப்புகள் இப்படித்தான் வந்துகொண்டிருக்கின்றன. இதை ‘இல்லெஜிபிள்’ என்று எழுதினால் அனுப்பியவர் இன்னொரு முறை பெரிதாக அச்சடித்து அனுப்புவார். அதிலும் அதே குப்பைதான் இருக்கும். ‘தி டெக்ஸ்ட் இஸ் கார்பில்ட், ப்ளீஸ் சென்ட் எ பிடிஎஃப்’ என்று எழுதினால் ஒரே நடையில் காரியம் முடியும். இந்தச் சொல்லின் பழைய வரலாறு சுவையானது: சலிப்பதைக் குறிக்கும் அரபுச் சொல்லில் இருந்து மத்தியதரைக் கடல் வணிகர் வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, முதலில் மசாலாப் பொருளைச் சலித்து மண்ணும் குப்பையும் நீக்குவதைத்தான் குறித்தது. பிறகு தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுத்துச் செய்தியைத் திரிப்பது என்றாகி, கடைசியில் சிதைந்த செய்தி என்ற இன்றைய பொருளுக்கு வந்து சேர்ந்தது.

எழுத்துகள் தெளிவாக இருந்தும் யாராலுமே படிக்கப்படாதவை என்று ஒரு வகை உண்டு. தருமபுரி அகழ்வைப்பகத்தில் உள்ள நடுகற்களின் முன் நின்றால் இந்த வேறுபாடு எளிதில் விளங்கும். அவற்றில் உள்ள வட்டெழுத்தை நம்மில் பெரும்பாலோரால் படிக்க முடியாது. ஆனால் கல்வெட்டு அறிஞர்கள் படித்து நூலாக்கியிருக்கிறார்கள் என்பதால் அது ‘அன்டிசைஃபர்ட்’ ஆகாது. மழையிலும் வெயிலிலும் தேய்ந்து கோடு அழிந்துபோன வரி மட்டும் ‘இல்லெஜிபிள்’. சிந்துவெளி எழுத்துதான் இன்றுவரை ‘அன்டிசைஃபர்ட்’. அதைப் படித்துக் காட்டுவோருக்குப் 10 லட்சம் டாலர் பரிசு என்று தமிழ்நாடு முதலமைச்சர் 2025 ஜனவரியில் அறிவித்தார். இதுவரை படிக்கப்படவில்லை என்பதற்கு ‘அன்டிசைஃபர்ட்’, படிக்கவே முடியாது என்பதற்கு ‘இன்டிசைஃபரபிள்’. இரண்டாவதை எழுதினால் பரிசு அறிவித்தவர் வீண் வேலை செய்கிறார் என்று சொன்னதாகிவிடும்.

இரண்டாம் படி: ஒலி வந்ததா, சொல் வந்ததா?

பேச்சு என்றால் முதல் கேள்வி, ஒலி காதுக்கு எட்டியதா என்பது. ஒகேனக்கல்லில் பரிசலில் அருவிக்கு அருகே போகும்போது, எதிரே உட்கார்ந்திருப்பவரின் வாய் அசைவது தெரியும். இரைச்சலில் குரல் மட்டும் வராது. அந்த நிலை ‘இன்ஆடிபிள்’. பரிசல்காரர் அருவியைவிட்டு விலகி வந்தபின் அதே ஆள் அதே குரலில் பேசினாலும் கேட்கிறது. ஒலி காதுக்கு எட்டவில்லை என்பதை மட்டுமே இந்தச் சொல் சொல்கிறது; குறை யாரிடம் என்று அது சொல்வதில்லை.

ஒலி கேட்கிறது, ஆனால் என்ன சொல் என்று பிரித்தறிய முடியவில்லை என்றால் ‘அன்இன்டெலிஜிபிள்’. சுவருக்கு அப்பால், கம்பளிக்குள், முகக்கவசத்துக்குள் இருந்து வரும் குரல் ‘மஃபில்ட்’. வாயைத் திறக்காமல் வாய்க்குள்ளேயே பேசுவது ‘மம்பிள்’. முணுமுணுப்பது ‘மட்டர்’. கடைசி இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் அறிக்கையில் பெரிதாகும். ஒருவர் கூச்சத்தாலோ களைப்பாலோ ‘மம்பிள்’ செய்யலாம். ‘மட்டர்’ என்றால் அவர் மனத்தாங்கலோடு ஏதோ குறை சொன்னார் என்ற பொருள் ஒட்டிக்கொள்ளும். மேற்பார்வையாளர் ஒரு தொழிலாளியைப் பற்றி ‘ஹீ வாஸ் மட்டரிங்’ என்று எழுதினால், அது ஏறக்குறைய ஒரு புகார். திக்கிப் பேசுபவருக்கு ‘ஸ்டாமர்’ என்ற சொல் உண்டு. அவர் பேச்சு புரிகிறது, நேரம் மட்டுமே ஆகிறது என்பதால் இந்தப் பட்டியலில் அவரைச் சேர்ப்பதே தவறு.

கூட்டக் குறிப்பு எழுதுபவர்களும் ஒலிப்பதிவைத் தட்டச்சு செய்பவர்களும் ‘இன்ஆடிபிள்’, ‘அன்இன்டெலிஜிபிள்’ ஆகிய இரண்டு சொற்களை நாள்தோறும் பயன்படுத்துவார்கள். பதிவில் குரல் கேட்காத இடத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் ‘இன்ஆடிபிள்’, குரல் கேட்டும் சொல் பிடிபடாத இடத்தில் ‘அன்இன்டெலிஜிபிள்’, இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசிய இடத்தில் ‘கிராஸ்டாக்’ என்று போட்டு, பக்கத்திலேயே நிமிடத்தையும் நொடியையும் குறிக்க வேண்டும். மூன்று முறை கேட்டும் பிடிபடாததை ஊகித்து நிரப்புவதைவிட இப்படி எழுதுவது நேர்மையானது. பின்னால் யாராவது மூலப் பதிவைச் சரிபார்க்கவும் வழி இருக்கும்.

செவிலியர், ஆம்புலன்ஸ் ஊழியர் ஆகியோருக்கு இந்தப் படி எல்லாவற்றிலும் முக்கியம். ‘ஸ்லர்ட் ஸ்பீச்’ என்றால் நாக்குக் குழறுவது. குடித்தவருக்கும் குழறும், சர்க்கரை அளவு திடீரென இறங்கியவருக்கும் குழறும், பக்கவாதம் வந்தவருக்கும் குழறும். ஆகவே காரணத்தைத் தாமே முடிவு செய்து ‘டிரங்க்’ என்று எழுதாமல், கண்டதை மட்டும் எழுத வேண்டும். வாய் ஒரு பக்கம் கோணி, ஒரு கை தூக்க வராமல், பேச்சும் குழறினால் 108-ஐ அழைத்து, எப்போது தொடங்கியது என்ற நேரத்தையும் சொல்லுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பதால், சொல்லைப் போலவே நேரமும் சிகிச்சையைத் தீர்மானிக்கும்.

நினைவு தடுமாறும் நோயாளியைப் பற்றி எழுதும்போது சொந்தமாகச் சொல் தேடவே கூடாது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் டீஸ்டேல், ஜெனட் என்ற இரு மருத்துவர்கள் 1974-இல் வெளியிட்ட கிளாஸ்கோ கோமா அளவுகோல், பேச்சுக்கு ஐந்து நிலைகளை வகுத்திருக்கிறது. இடம், நாள், ஆள் தெரிந்து பதில் சொன்னால் 5. பேசுகிறார், ஆனால் குழம்பிப்போய், கிருஷ்ணகிரி வார்டில் படுத்துக்கொண்டு தான் பெங்களூரில் இருப்பதாகச் சொல்கிறார் என்றால் ‘கன்ஃப்யூஸ்ட்’, 4. தனிச் சொற்கள் தெளிவாக வருகின்றன, உரையாடலாகச் சேரவில்லை என்றால் ‘இன்அப்ரோப்ரியேட் வேர்ட்ஸ்’, 3. சொல்லே இல்லாமல் முனகல் மட்டும் என்றால் ‘இன்காம்ப்ரிஹென்சிபிள் சவுண்ட்ஸ்’, 2. ஒலியே இல்லை என்றால் 1. அன்றாட ஆங்கிலத்தில் ‘இன்காம்ப்ரிஹென்சிபிள்’ என்பது எதற்கும் பொருந்தும் பெரிய சொல்; வார்டில் அது முனகலை மட்டுமே குறிக்கும். உளறிக்கொண்டிருக்கும் நோயாளிக்கு அந்தச் சொல்லைப் போட்டால், அடுத்த ஷிப்டில் வரும் மருத்துவர் அவர் நிலை மோசமாகிவிட்டது என்றே படிப்பார்.

மூன்றாம் படி: சொல் எல்லாம் புரிகிறது, சொன்னது புரியவில்லை

இதற்கு மையமான சொல் ‘இன்கோஹியரன்ட்’. ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் ஒட்டு இல்லை, தொடங்கிய இடமும் முடிந்த இடமும் சேரவில்லை என்ற நிலை. காய்ச்சலில் பிதற்றுபவர், அதிர்ச்சியில் அழுதுகொண்டே பேசுபவர் ஆகியோருக்கு இது பொருந்தும். அவசரத்தில் எழுதிய அறிக்கைக்கும் பொருந்தும், ஆனால் கடுமையான விமர்சனமாக இருக்கும். ஒட்டு இருக்கிறது, ஆனால் சுற்றிச் சுற்றி வேறு கதைகளுக்குப் போகிறார் என்றால் ‘ராம்பிளிங்’. வாக்கியத்துக்குள் வாக்கியம், அதற்குள் நிபந்தனை என்று சிக்கலாக முறுக்கி எழுதியிருந்தால் ‘கான்வொலூட்டட்’.

‘வேக்’, ‘ஆம்பிகுவஸ்’ ஆகிய இரண்டையும் தெளிவின்மை என்ற ஒரே பையில் போட்டுவிடுகிறார்கள். ‘சரக்கைச் சீக்கிரம் அனுப்பவும்’ என்பது ‘வேக்’. எவ்வளவு சீக்கிரம் என்று யாருக்கும் தெரியாது. ‘ஆம்பிகுவஸ்’ என்றால் தெளிவான இரண்டு பொருள்கள் இருந்து, எது என்று தெரியாத நிலை. மாங்கூழ் டிரம்களை 05/06 அன்று கப்பலில் ஏற்ற வேண்டும் என்று ஒரு வாங்குபவர் எழுதியிருக்கிறார் என்று வையுங்கள். நமக்கு அது ஜூன் 5. அமெரிக்கருக்கு மே 6. இடையில் ஒரு மாத வித்தியாசம். இங்கே ‘நாட் கிளியர்’ என்று எழுதினால் அவர் அதே எண்ணைத் திரும்ப எழுதுவார். ‘தி டேட் இஸ் ஆம்பிகுவஸ், டு யூ மீன் ஃபிஃப்த் ஜூன் ஆர் சிக்ஸ்த் மே?’ என்று இரண்டு பொருளையும் அவர் முன் வைத்துவிட்டால் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. இந்தச் சொல்லைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் அந்த இரண்டு பொருளையும் சேர்த்தே எழுதப் பழகுங்கள்.

வேண்டுமென்றே சுருக்கிப் பூடகமாக எழுதியது ‘கிரிப்டிக்’. இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

நான்காம் படி: மற்றவர்களுக்குப் புரிகிறது, நமக்குத்தான் புரியவில்லை

தொழில் வட்டாரத்துக்குள் புழங்கும் சொற்கள் ‘ஜார்கன்’. கிரானைட் குவாரிக்காரருக்கு ஒரு ஜார்கன், வங்கிக்காரருக்கு இன்னொன்று. இது தன்னளவில் வசையல்ல. வேலைக்குச் சேர்ந்தவர் நாளடைவில் அதைக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். பத்திரத்திலும் ஒப்பந்தத்திலும் வரும் சட்ட நடை ‘லீகலீஸ்’. நம் கிரயப் பத்திரத் தமிழைப் படித்தவருக்கு அதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. படாடோபமான அலுவலக நடைக்கு ‘காபில்டிகூக்’ என்று ஒரு வேடிக்கைச் சொல் உண்டு. மவுரி மேவரிக் என்ற டெக்சாஸ் அரசியல்வாதி, போர்க்காலத்தில் தன் அலுவலகத்தில் குவிந்த நீண்ட சொற்களால் சலித்துப்போய், வான்கோழி கத்தும் ஒலியை நினைத்து 1944-இல் உண்டாக்கியது. தேநீர் நேரத்துக்கு நல்ல சொல். மேலதிகாரியின் சுற்றறிக்கைக்குப் போடும் பதிலில் வரக் கூடாது.

‘ஜிபரிஷ்’ என்றால் அர்த்தமே இல்லாத உளறல். இதைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஓசூரில் ஒரே பட்டறையில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது பேசுபவர்களோடு, வடக்கிலிருந்து வந்து இந்தியும் ஒடியாவும் பேசும் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். நமக்குத் தெரியாத மொழியில் ஒருவர் பேசியதை ‘ஜிபரிஷ்’ என்று அறிக்கையில் எழுதுவது அவமதிப்பு, தவறான தகவலும்கூட. விபத்து நடந்த இடத்தில் காயம்பட்டவர் ஒடியாவில் தெளிவாகச் சொன்னதை ‘இன்கோஹியரன்ட்’ என்று எழுதிவிட்டால், அவர் சுயநினைவோடு சொன்ன வாக்குமூலமே மதிப்பிழந்துவிடும். ‘ஹீ ஸ்போக் இன் ஒடியா, ஐ டு நாட் நோ தி லாங்குவேஜ்’ என்று எழுதுங்கள், மொழி தெரிந்த ஒருவரைக் கூப்பிடுவார்கள்.

ஐந்தாம் படி: முகம் பார்த்தோ போனிலோ சொல்லும்போது

இதுவரை பார்த்தவை பெரும்பாலும் எழுத்துக்கு உரியவை. எதிரே இருப்பவரிடம் ‘யூ ஆர் அன்இன்டெலிஜிபிள்’ என்று சொன்னால் சண்டைதான் வரும். பேச்சில் பழியை இணைப்பின் மீதோ நம் மீதோ போட்டுக்கொள்வதுதான் ஆங்கில மரபு. தொப்பூர் கணவாயில் வண்டி ஏறிக்கொண்டிருக்கும்போது குரல் விட்டு விட்டு வந்தால் ‘யூ ஆர் பிரேக்கிங் அப்’ என்கிறோம்; பேசுபவர் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். நேரில் என்றால் ‘சாரி, ஐ டிட் நாட் கேட்ச் தட்’ போதும். வெறும் ‘வாட்?’ முரட்டுத்தனம். நம்மவர்கள் அடிக்கடி சொல்லும் ‘கம் அகெய்ன்’ நண்பர்களிடம் சரி, வாடிக்கையாளரிடம் சற்று அலட்சியமாகப் படும்.

இதைவிட நல்லது, கேட்ட பகுதியையும் கேட்காத பகுதியையும் பிரித்துச் சொல்வது. ‘ஐ காட் தி குவான்டிட்டி, பட் நாட் தி பார்ட் நம்பர்’ என்று சொன்னால் அவர் முழுவதையும் மறுபடி ஒப்பிக்க வேண்டியதில்லை. எழுத்துகளைச் சொல்லும்போது எம், என் இரண்டும் குழம்பும். பி, டி, வி மூன்றும் குழம்பும். விமானப் போக்குவரத்தில் 1956 முதல் வழக்கில் உள்ள ஆல்ஃபா, பிராவோ, சார்லி வரிசையை ஒரு துண்டுத்தாளில் எழுதி மேசையில் ஒட்டிக்கொண்டால், ‘எம் ஃபார் மைக், என் ஃபார் நவம்பர்’ என்று தயங்காமல் சொல்லலாம். எண்களில் ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டும் போனில் ஒன்றுபோலவே கேட்கும் என்பதால், ‘ஒன் ஃபைவ்’, ‘ஃபைவ் ஜீரோ’ என்று இலக்கம் இலக்கமாகத் திருப்பிச் சொல்லி, எதிர்முனையில் ‘கரெக்ட்’ என்று வந்தபிறகு போனை வையுங்கள்.